டெல்ரினில் 15 மைக்ரான்: குறை லேத்திலா, வேறெங்காவதா?

வாசகர் கேள்வி, 22 ஏப்ரல் 2024

வணக்கம் அண்ணா. சேலத்தில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். இதுவரை எஃகு, பித்தளை, கன்மெட்டல் வேலைதான். ஓசூர் கம்பெனி ஒன்று டெல்ரின் என்ற வெள்ளைப் பிளாஸ்டிக்கில் புஷ் கேட்டது, தண்டு சுற்றுகிற உறை. எல்லாம் மில்லியில்: வெளிவிட்டம் 16, உள் துளை 10 எச்7 (10.000 முதல் 10.015 வரை), நீளம் 30-க்குக் கூட்டல் கழித்தல் 0.02. மதியம் முழுக்க அடித்து, ஒவ்வொன்றிலும் பிளக் கேஜ் (துளைக்குள் விட்டுப் பார்க்கும் எஃகு உருளை) போட்டுப் பார்த்து, சரி என்று தெரிந்த பிறகுதான் அனுப்பினேன். அங்கே இன்ஸ்பெக்ஷனில் முக்கால்வாசி திரும்பிவிட்டது. கேஜின் கோ பக்கமே, அதாவது நுழைந்தாக வேண்டிய பக்கமே, நுழையவில்லையாம், நீளமும் குறைவாம். இதே அளவு பித்தளையில் இதே லேத்தில் வருகிறது. லேத் பழசு. பிளாஸ்டிக்கில் மைக்ரான் (மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வேலை செய்யப் புது சிஎன்சி இல்லாமல் முடியாது என்று நினைக்கிறேன். கடன் போட்டு வாங்கலாமா?

22 ஏப்ரல், இரவு

இதற்காக வாங்காதீர்கள். பித்தளையில் அளவு வருகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் லேத்தில் குறை இல்லை.

உங்கள் கேள்வியிலேயே விடை பாதி இருக்கிறது. துளையும் சின்னது, நீளமும் குறைவு. லேத் ஆட்டம் போட்டிருந்தால் ஒன்று கூடி ஒன்று குறைந்து கலந்து வந்திருக்கும். எல்லா அளவும் ஒரே பக்கம் போயிருக்கிறது என்றால் பாகம் மொத்தமாகச் சுருங்கியிருக்கிறது. சேலத்தில் ஏப்ரல் மதியம், தகரக் கூரை. அங்கே ஏசி அறை.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். டெல்ரின் ஒரு டிகிரிக்கு, மீட்டருக்குச் சுமார் 110 மைக்ரான் நீளும். எஃகு 11 அல்லது 12. பித்தளை 19. உங்கள் பட்டறையில் 37 டிகிரி, அவர்கள் அறையில் 20 டிகிரி என்று வைத்துக்கொள்வோம், வித்தியாசம் 17. 10 மில்லி துளை கிட்டத்தட்ட 19 மைக்ரான் சுருங்கும். பிளக் கேஜ் எஃகு, அதுவும் 2 மைக்ரான் சுருங்கும். மிச்சம் 16, 17 மைக்ரான் நஷ்டம். 10 எச்7 உங்களுக்குக் கொடுக்கும் மொத்த இடமே 15 மைக்ரான். மேல் எல்லையில் அடித்த புஷ் கூட அங்கே போனால் கீழ் எல்லைக்கும் கீழே இறங்கிவிடும். நீளத்தில் 30 மில்லிக்கு 56 மைக்ரான் போகும், உங்களுக்குக் கொடுத்திருப்பது மொத்தம் 40.

பித்தளைக்கும் இதே கணக்குத்தான். பித்தளைக்கும் எஃகு கேஜுக்கும் உள்ள வித்தியாசம் 10 மில்லியில் 1 மைக்ரானைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். இத்தனை வருடம் வெப்பத்தைப் பற்றி யோசிக்காமல் ஓட்ட முடிந்ததற்கு அதுதான் காரணம்.

23 ஏப்ரல்

20 டிகிரி எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நீளத்தை எந்த வெப்பத்தில் சொல்வது என்பதில் ஒரு காலத்தில் நாட்டுக்கு நாடு வேறுபாடு இருந்தது. 1931-இல் எடை அளவுகளுக்கான சர்வதேசக் குழு 20 டிகிரி என்று முடிவு செய்தது. பிறகு வந்த ஐஎஸ்ஓ 1 என்ற முதல் எண் தரமே அதைத்தான் சொல்கிறது. டிராயிங்கில் வெப்பம் எதுவும் எழுதவில்லை என்றால் 20 டிகிரியில் அந்த அளவு இருக்க வேண்டும் என்று பொருள். சேலத்தில் வருடத்தில் எந்தப் பகலிலும் பட்டறைக்குள் 20 டிகிரி கிடையாது.

பிளாஸ்டிக்கைச் சோதிப்பதற்கான ஐஎஸ்ஓ 291 வேறு ஒன்றைச் சொல்கிறது: 23 டிகிரி, 50 சதவீத ஈரப்பதம். வெப்ப நாடுகளுக்கு 27 டிகிரி, 65 சதவீதம் என்றும் அதிலேயே இடம் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே கம்பெனியிடம் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: எந்த வெப்பத்தில் அளக்கிறீர்கள், பாகம் அந்த அறைக்கு வந்து எத்தனை மணி நேரம் கழித்து அளக்கிறீர்கள்? கூச்சப்படாமல் கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இன்ஸ்பெக்ஷன் உங்கள் பாகத்தை ரிஜெக்ட் செய்ய முடியாது.

25 ஏப்ரல்

ஏசி போட வேண்டுமா என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். அளக்கும் இடத்துக்கு ஒரு சின்ன ஏசி அறை இருந்தால் நல்லது. இல்லாவிட்டாலும் வழி இருக்கிறது, எனக்கு மிகவும் கைகொடுத்த வழி.

அதே டெல்ரின் ராடில், அதே அளவில் ஒரு புஷ்ஷை நிதானமாக அடித்து, கம்பெனியின் ஏசி அறையிலேயே கொடுத்து அளந்து, மதிப்பை எழுதி வாங்கி வாருங்கள். அது உங்கள் மாஸ்டர். அதை லேத் பக்கத்திலேயே வையுங்கள். அடித்த புஷ்ஷையும் மாஸ்டரையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒரே வெப்பத்துக்கு வந்த பிறகு டயலில் ஒப்பிட்டுப் பாருங்கள். மதியம் 38 டிகிரியானாலும், விடியற்காலை 26 ஆனாலும் இரண்டும் சேர்ந்தே நீளும், சேர்ந்தே சுருங்கும். எஃகு கேஜ் உங்களுக்கு எஃகின் கதையைச் சொல்லும். டெல்ரினுக்கு டெல்ரின் மாஸ்டர்தான் பேச வேண்டும்.

ஒன்று மட்டும் கவனம். டெல்ரின் வெப்பத்தைக் கடத்தாது. எஃகோடு ஒப்பிட்டால் கடத்தும் திறன் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. லேத்தில் இருந்து இறக்கியதும் வெளியே தொட்டால் ஆறியது போல இருக்கும், உள்ளே சூடு நிற்கும். இந்த அளவு புஷ்ஷுக்கு ஒன்றிரண்டு மணி நேரம் விடுங்கள். எடுக்கும்போது துணியால் எடுங்கள், கைச்சூடே அளவை மாற்றும்.

மாஸ்டரைக் கொஞ்ச காலத்துக்கு ஒரு முறை மறுபடி அளந்து வாங்க வேண்டும். டெல்ரின் கல் அல்ல, மெதுவாக நகரும்.

2 மே

கணக்கை நம்பாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். அக்கா வீடு ஏற்காட்டில். போன வாரம் போகும்போது 25 மில்லி எஃகு வளையம் ஒன்றும், அதற்குள் சேலத்து மதியத்தில் விளிம்போடு நின்றுவிடுகிற அளவுக்கு அடித்த டெல்ரின் கட்டை ஒன்றும் கொண்டு போனேன். பட்டறையில் அழுத்திப் பார்த்தேன், நுழையவில்லை. 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, 1,500 மீட்டர் உயரத்தில், திண்ணையில் இரண்டையும் சாயங்காலம் வரை போட்டு வைத்தேன். குளிர் இறங்கிய பிறகு எடுத்தால், கட்டை வளையத்துக்குள் தன் எடையிலேயே இறங்கியது.

பட்டறையில் 34, திண்ணையில் 22. 12 டிகிரி வித்தியாசத்துக்கு 25 மில்லியில் 29 மைக்ரான் வருகிறது. காகிதத்தில் இருந்த எண் கையில் தெரிந்தது. பிள்ளைகள் இருவரும் அதை வாங்கி, உள்ளங்கையில் கட்டையை மட்டும் சூடேற்றி மறுபடி நிற்க வைத்து விளையாடினார்கள். பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு இதைத்தான் முதல் பாடமாகக் காட்டப் போகிறேன்.

6 மே

கேள்வி கேட்ட தம்பி காலையில் அடித்துக் குளிர வைத்து அளந்தாராம். பாதி தேறியது, பாதி இன்னும் சிக்கல். துளையின் விட்டம் அளக்கும் உள் டயலில் எல்லாத் திசையிலும் 10.009 காட்டுகிறது, ஆனால் பிளக் நுழைய மறுக்கிறது என்கிறார். கேஜ் தேய்ந்துவிட்டதா என்று சந்தேகப்படுகிறார்.

கேஜ் சரியாகத்தான் இருக்கிறது. எப்படிப் பிடித்து அடிக்கிறீர்கள்? மூன்று ஜா (கவ்வும் தாடை) உள்ள சக்கில், எஃகைப் பிடிக்கிற முறுக்கில். அப்படித்தானே?

டெல்ரினின் விறைப்பு எஃகில் சுமார் 70-இல் ஒரு பங்கு. 3 மில்லி சுவர் உள்ள புஷ்ஷை மூன்று ஜாவில் இறுக்கினால் மூன்று இடத்தில் உள்ளே அமுங்கும். அந்த நிலையில் துளையை வட்டமாக அடிக்கிறீர்கள். சக்கைத் தளர்த்தினால் அமுங்கிய இடம் வெளியே வரும், துளை மூன்று மூலை வைத்த வட்டமாகிவிடும். இதில் மோசமான விஷயம், இரண்டு புள்ளியில் தொடும் எந்தக் கருவியும் இதைக் கண்டுபிடிக்காது. ஒரு பக்கம் புடைத்திருந்தால் நேர் எதிர்ப் பக்கம் அதே அளவு அமுங்கியிருக்கும், கூட்டினால் எந்தத் திசையிலும் ஒரே விட்டம் வரும். மைக்ரோமீட்டரும் இரண்டு முனை உள் டயலும் வட்டம் என்றே சொல்லும். பிளக் மட்டும்தான் உண்மையைச் சொல்லும். வெளிப்பக்கம் இப்படி இருக்கிறதா என்று பார்க்க வி-பிளாக்கில் (வி வடிவப் பள்ளம் உள்ள கட்டை) வைத்து மேலே டயல் வைத்து உருட்டுங்கள், முள் மூன்று முறை ஏறி இறங்கும்.

வெப்பத்தைப் பற்றி முதல் நாள் அவ்வளவு எழுதிவிட்டதால் சிலர் எல்லாவற்றுக்கும் வெப்பமே காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். சின்ன, மெல்லிய சுவருள்ள பாகத்தில் பிடிமானம் வெப்பத்துக்குச் சமமான எதிரி. சில வேலைகளில் அதற்கும் மேல்.

எப்படிப் பிடிப்பது? முடிந்தால் பிடிக்கவே வேண்டாம். ராடில் இருந்தே வெளிவிட்டம், துளை, முகம் எல்லாவற்றையும் ஒரே பிடியில் முடித்து, கடைசியில் பார்ட்டிங் செய்து, அதாவது ராடில் இருந்து அறுத்து, இறக்குங்கள். ராடின் முழு உடம்பு ஜாவில் இருக்கும், புஷ் காற்றில் இருக்கும். மறுமுகம் அடிக்கத் திருப்பித்தான் ஆக வேண்டும் என்றால் காலட் (சுற்றிலும் சமமாகக் கவ்வும் பிடி), அல்லது சாஃப்ட் ஜாவை அதே விட்டத்துக்குக் குடைந்து முழுச் சுற்றும் அணைக்கும்படி பிடியுங்கள். அலுமினியத்தில் ஒரு வளையம் அடித்து, ஒரு பக்கம் ரம்பத்தால் அறுத்து, அதற்குள் புஷ்ஷை வைத்து மூன்று ஜாவில் பிடித்தாலும் போதும். செலவே இல்லை.

7 மே

ஒரு வரி விட்டுப்போனது. மைக்ரோமீட்டரின் ராட்செட் கூட 5 முதல் 10 நியூட்டன் வரை அழுத்தும். எஃகில் அது ஒன்றுமில்லை. மெல்லிய டெல்ரின் வளையத்தில் அந்த அழுத்தமே சில மைக்ரானைத் தின்னும். ஒரே ஆள், ஒரே கருவி, ஒரே அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

19 மே

டூல் பற்றிக் கேட்டவர்களுக்குச் சேர்த்து ஒரே பதில்.

கூர், கூர், கூர். எஃகு அடித்த இன்சர்ட்டை (டூல் முனையில் மாட்டும் வெட்டுத் துண்டு) பிளாஸ்டிக்கின் பக்கம் கொண்டு போகாதீர்கள். அலுமினியத்துக்கென்று விற்கும், பூச்சு இல்லாத, முகம் பளபளவென்று தேய்த்த கார்பைடு இன்சர்ட் வாங்கி, அதைப் பிளாஸ்டிக்குக்கென்றே தனியாக ஒரு டப்பாவில் வையுங்கள். கையால் தீட்டத் தெரிந்தவர்களுக்கு எச்எஸ்எஸ் (ஹைஸ்பீடு ஸ்டீல்) டூலே போதும், எண்ணெய்க் கல்லில் விளிம்பைத் துடைத்து எடுங்கள். டூல் மூக்கின் வளைவு ஆரம் 0.2 அல்லது 0.4. அதற்கு மேல் போனால் டூல் வெட்டாமல் தள்ளும்.

ஃபினிஷ் கட்டுக்கு, அதாவது கடைசி வெட்டுக்கு, 0.05 மட்டும் மிச்சம் வைப்பது எஃகுக்காரர்களின் பழக்கம். டெல்ரினில் அது வெட்டாது, உரசும். உரசினால் சூடு, சூடானால் பெருக்கம், அப்புறம் ஆறியதும் அளவு போய்விடும். 0.2 அல்லது 0.3 மிச்சம் வைத்து ஒரே கட்டில் எடுத்துவிடுங்கள்.

சுருள் நீளமாக வரும், உடையாது. ஜாபைச் சுற்றிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்தால் முகம் கெட்டுவிடும், சூடும் ஏறும். காற்றுக் குழாயை டூல் முனைக்கு நேரே பிடித்து வையுங்கள். டெல்ரினுக்குத் தண்ணீரில் கலந்த கூலண்ட் கெடுதல் செய்யாது. எனக்குக் காற்றே பிடிக்கும், பாகம் சுத்தமாக வரும்.

டிரில்தான் பெரிய வில்லன். துளைக்குள் சூடு வெளியேற வழியே இல்லை. 9.5 டிரில் போட்டால் சூட்டில் பிளாஸ்டிக் பெருத்து, ஆறிய பிறகு துளை டிரில்லை விடச் சின்னதாக நிற்கும். உள்ளே போய், வெளியே வந்து, சுருளைத் தட்டி, மறுபடி உள்ளே போக வேண்டும். ரீமரை (போட்ட துளையைச் சீவி அளவுக்குக் கொண்டுவரும் டூல்) நம்பி எச்7 அடிக்க நினைக்காதீர்கள். பிளாஸ்டிக் விலகிக் கொடுத்துவிட்டு, ரீமர் வெளியே வந்ததும் திரும்பி வரும். துளை ரீமரை விடக் குறைவாக இருக்கும், எவ்வளவு குறைவு என்பது ராடுக்கு ராடு மாறும். டிரில் போட்டு, ஆறவிட்டு, போரிங் பாரில் ஃபினிஷ் செய்யுங்கள்.

8 ஜூன்

எடப்பாடியில் இருந்து ஒருவர் எழுதியிருக்கிறார். மேலே சொன்ன எல்லாம் செய்தும், டெல்ரின் தட்டையான தகடு ஒன்று மில்லிங் செய்து இறக்கியதும் வாழைப்பழம் போல வளைகிறது என்கிறார்.

அது ராடுக்குள், தகடுக்குள் முன்பே இருக்கும் இறுக்கம். உருக்கித் தள்ளி வார்க்கும்போது வெளித்தோல் முதலில் இறுகும், நடுப்பகுதி பிறகு ஆறிச் சுருங்க முயலும், தோல் விடாது. அந்த இழுபறி அப்படியே உறைந்து கிடக்கும். ஒரு பக்கத் தோலை நீங்கள் எடுத்துவிட்டால் அந்தச் சமநிலை கெட்டுத் தகடு வளையும்.

மருந்து எளிது, பொறுமைதான் வேண்டும். முதலில் இரு பக்கமும் சமமாக ரஃப் (அளவுக்கு முந்திய முதல் வெட்டு) அடியுங்கள், ஒரு பக்கத்தை மட்டும் முழுசாக எடுத்துவிடாதீர்கள். ஃபினிஷுக்கு மிச்சம் வைத்து இறக்கி, ஓரமாக வைத்துவிடுங்கள். ஒரு இரவு குறைந்தபட்சம், முடிந்தால் சில நாள். அது வளைந்து தீரட்டும். பிறகு வளைந்ததை லேசாகப் பிடித்து, நிமிர்த்தாமல், ஃபினிஷ் எடுங்கள். சக்கால் அழுத்தி நிமிர்த்திப் பிடித்து அடித்தால், விட்டதும் பழைய வளைவுக்கே போகும்.

ரொம்பக் கறாரான வேலைக்கு அடுப்பில் வைத்து ஆற்றலாம். டெல்ரினுக்கு 150 டிகிரி பக்கம், மெதுவாக ஏற்றி, தடிமனுக்கு ஏற்றபடி நிறுத்தி, அதைவிட மெதுவாக இறக்க வேண்டும். கோபாலிமர் வகை 165 டிகிரி பக்கம் உருகிவிடும், ஹோமோபாலிமர் 175. கட்டுப்பாடு சரியில்லாத அடுப்பில் முயலவே வேண்டாம். மீறிச் சூடானால் ஃபார்மால்டிஹைடு வரும், கண்ணும் மூக்கும் எரியும்.

9 ஜூன்

கோபாலிமர், ஹோமோபாலிமர் என்ன வித்தியாசம் என்கிறீர்கள். டெல்ரின் என்பது டூபாண்ட் 1960-இல் விற்பனைக்குக் கொண்டு வந்த ஹோமோபாலிமரின் பெயர். கடையில் டெல்ரின் என்று கேட்டு வாங்குவது பெரும்பாலும் வேறு கம்பெனியின் கோபாலிமராகவே இருக்கும். தப்பில்லை. ஹோமோபாலிமருக்கு வலு கொஞ்சம் அதிகம். ஆனால் ராடின் நட்டநடுவில் நுண்ணிய ஓட்டைகள் உள்ள ஒரு கோடு ஓடும், வெட்டிப் பார்த்தால் வெளேரென்று ஒரு பொட்டாகத் தெரியும். நடுவைத் துளைத்து எறியும் புஷ்ஷுக்குக் கவலை இல்லை. சின்ன வால்வு ஊசி, தண்ணீரோ காற்றோ அடைக்கும் பாகம் என்றால் அந்த நடுக்கோடு வழியாகக் கசியும். அதற்குக் கோபாலிமர் ராடு வாங்குங்கள்.

14 ஆகஸ்ட்

ஆடிப் பண்டிகைக்குப் பட்டறை மூடியிருந்தது. மூடும் முன் ரஃப் அடித்து வைத்த டெல்ரின் வளையங்களைத் திறந்ததும் அளந்தேன். பெரும்பாலானவை நகர்ந்திருந்தன, சில 0.04 வரை. இப்போது ஃபினிஷ் எடுத்தவை அசையாமல் நிற்கின்றன. அவசரமில்லாத ஆர்டருக்குக் கோட்டை மாரியம்மன் புண்ணியத்தில் கிடைக்கும் இந்த லீவு மாதிரி ஒரு இடைவெளியைத் திட்டமிட்டே வைத்துக்கொள்ளலாம்.

17 ஆகஸ்ட்

ஓசூர் புஷ் விஷயத்தில் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இந்த இழையில் யாருமே கேட்கவில்லை. அந்த புஷ் எங்கே போகிறது?

தம்பி டிராயிங்கை மறுபடி பார்த்துச் சொன்னார்: அலுமினிய உடலில் அடித்து இறுக்குகிறார்களாம். வெளிவிட்டம் 16-க்கு மேல் 0.05 முதல் 0.08 வரை கூடுதல் போட்டிருக்கிறது. அப்படியானால் 10 எச்7 என்ற எண்ணுக்கு அர்த்தமே இல்லை. பிளாஸ்டிக் புஷ்ஷை உலோகத் துளைக்குள் இறுக்கும்போது, உலோகம் விலகாது, பிளாஸ்டிக்தான் உள்ளே போகும். வெளியே எவ்வளவு கூடுதலோ, ஏறக்குறைய அவ்வளவும் துளையில் குறையும். 0.05 முதல் 0.08 வரை சுருங்கப்போகிற துளையை 15 மைக்ரானுக்குள் அடி என்று கேட்கிறார்கள். அந்த டிராயிங் வெண்கல புஷ்ஷுக்குப் போட்டது, பொருளின் பெயரை மட்டும் மாற்றியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இதைக் கம்பெனியின் டிசைன் ஆளிடம் மரியாதையாகச் சொல்ல முடியும், சொல்ல வேண்டும். உங்களுக்கு வேண்டியது தண்டு சுற்றுவதற்கான இடைவெளிதானே, இறுக்கிய பிறகு துளை எவ்வளவு இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், உங்கள் உடலின் துளை அளவில் ஒரு ரிங் கேஜ் கொடுங்கள், அதற்குள் இறுக்கிவிட்டு அளந்து தருகிறேன் என்று கேளுங்கள். வேலை செய்யும்போது தண்டு சூடாகும், பிளாஸ்டிக் பெருக்கும், வெளியே போக இடமில்லாமல் துளை இன்னும் குறுகும். அதனால் வெண்கலத்துக்கு விடுவதை விட அதிக இடைவெளி விடத்தான் வேண்டும். இதைச் சொல்வதால் ஆர்டர் போய்விடும் என்று பயப்படாதீர்கள். அவர்கள் மெஷினில் தண்டு சிக்கினால் நஷ்டம் அவர்களுக்கும்தான்.

ஜாப் ஒர்க் செய்கிறவன் டிராயிங்கைக் கேள்வி கேட்கக் கூடாது என்று ஒரு எண்ணம் நம் ஊரில் ஊறிப்போயிருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொருளைக் கையில் தொட்டு, வெட்டிப் பார்க்கிறவன் நாம்தான். நமக்குத் தெரிந்ததை நாம் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்வார்கள்?

10 நவம்பர்

இளம்பிள்ளையில் இருந்து ஒரு தறிக்காரர்: நைலான் புஷ் கோடையில் மாற்றினேன், ஐப்பசி மழையில் தண்டைக் கவ்வுகிறது, லேத்காரர் அளவை விட்டுவிட்டார் என்கிறார்.

லேத்காரரைத் திட்ட வேண்டாம். இதுவரை எழுதியது எல்லாம் டெல்ரினுக்கு. அது 50 சதவீத ஈரப்பதக் காற்றில் 0.2 சதவீதம்தான் தண்ணீர் குடிக்கும். நைலான் 6 அதே காற்றில் 2.5 முதல் 3 சதவீதம் குடிக்கும், தண்ணீரிலேயே ஊறினால் 9 சதவீதத்துக்கும் மேல். 1 சதவீதம் ஈரம் ஏறினால் நீளம் 0.2 முதல் 0.3 சதவீதம் கூடும். 40 மில்லி நைலான் பாகம் அந்த 1 சதவீதத்திலேயே 0.08 முதல் 0.12 வரை வளர்ந்துவிடும். அதில் மைக்ரான் பேசிப் பயனில்லை. புஷ் இரும்புக்குள் இறுகியிருந்தால் வளர்ச்சி எல்லாம் துளைப் பக்கம்தான் போகும்.

ஏற்காட்டில் இதை இன்னும் தெளிவாகப் பார்த்திருக்கிறேன். காப்பிப் பழத்தை உரிக்கும் பல்பருக்கு ஒரு தோட்டத்துக்காரர் நைலான் புஷ் அடித்து வாங்கிப் போனார். பகல் முழுக்கத் தண்ணீர், இரவு முழுக்கப் பனிமூட்டம். முதல் சில வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் கையால் சுற்ற முடியாமல் நின்றது. குளிரில் டெல்ரின் சுருங்கும் என்று மே மாதம் எழுதினேன். அதே குளிரில், அதே மலையில், நைலான் ஈரத்தில் பெருத்தது. வெப்பம் மணிக்கணக்கில் வேலை செய்கிறது, ஈரம் வாரக்கணக்கில். அவருக்கு அடுத்து டெல்ரினில் அடித்துக் கொடுத்தேன், ஓடிக்கொண்டிருக்கிறது.

அதற்காக நைலான் மட்டம் என்று சொல்லவில்லை. அடி தாங்குவதில், தூசியில் தேயாமல் நிற்பதில் அது கெட்டி, தறியில் அதற்கு இடம் உண்டு. இடைவெளியை மழைக்காலத்துக்குக் கணக்கிட்டு விடுங்கள். அல்லது அடிக்கும் முன் ரஃப் துண்டுகளை ஈரம் ஏற்றி நிலைக்கு வரவிட்டு, பிறகு ஃபினிஷ் எடுங்கள்.

12 நவம்பர்

பாதுகாப்பு பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானாகவே எழுதுகிறேன். டெல்ரின் சுருள் தீப்பிடித்தால் சுடர் வெளிர் நீலம், பகல் வெளிச்சத்தில் கண்ணுக்கே தெரியாது. லேத் அடியில் குவித்து வைக்காதீர்கள், வெல்டிங் செய்யும் மூலைக்குப் பக்கத்தில் வைக்கவே கூடாது. டெஃப்ளான் அடிப்பவர்கள் வேலைக்கு நடுவில் பீடி, சிகரெட் தொடக்கூடாது. கையில் ஒட்டிய தூசி நெருப்பில் சிதைந்து உள்ளே போனால் சில மணி நேரத்தில் குளிர்காய்ச்சல் போல நடுக்கி எடுக்கும். இதை எந்தப் பட்டறைச் சுவரிலும் எழுதி வைத்து நான் பார்த்ததில்லை.

13 நவம்பர்

டெஃப்ளான் என்றதும் அதில் எச்7 அடிக்கலாமா என்று கேள்வி. அது 19 டிகிரி பக்கத்தில் உள்ளமைப்பே மாறி, கன அளவு 1 சதவீதத்துக்கு மேல் தாவும் பொருள். அளக்கும் 20 டிகிரி சரியாக அந்தத் தாவலின் வாசலில் இருக்கிறது. சேலத்தில் அடிக்கும்போது அந்தக் கோட்டுக்கு மேலே இருக்கிறோம், மார்கழி இரவில் ஏற்காட்டில் கீழே. வெப்பத்தை எழுதாத டெஃப்ளான் டிராயிங்கைத் திருப்பி அனுப்புங்கள்.

21 டிசம்பர்

தம்பி இன்று போனில் சொன்னார். கம்பெனி டிராயிங்கை மாற்றிவிட்டது: ரிங் கேஜுக்குள் இறுக்கிய பிறகு துளை 10.05 முதல் 10.12 வரை, 23 டிகிரியில், பாகம் அறையில் ஒரு இரவு இருந்த பிறகு. நீளத்துக்குக் கூட்டல் கழித்தல் 0.1. புதுத் தொகுதி முழுக்கத் தேறியது, பழைய லேத்தில், அறுத்த அலுமினிய வளையத்தில் பிடித்து. மாதம் ஆயிரக்கணக்கில் கேட்க ஆரம்பித்திருக்கிறார்கள், இப்போது சிஎன்சி வாங்கட்டுமா என்கிறார். இப்போது வாங்கலாம், எண்ணிக்கைக்காக. வாங்கும்போது காலட் சக் சேர்த்துக் கேளுங்கள், ராடு ஃபீடரும்.

22 டிசம்பர்

மெஷினுக்குள் பார்ப்பதற்கான கண்ணாடிக்கு அக்ரிலிக் அடிக்கும் சேகோ (ஜவ்வரிசி) ஆலைக்காரர் ஒருவரின் கேள்வி கிடப்பில் இருந்தது. பாலிஷ் எல்லாம் நன்றாக வந்து, துடைத்து வைத்தால் மறுநாள் மயிரிழை விரிசல் வருகிறதாம். எதனால் துடைத்தீர்கள்? ஸ்பிரிட் என்றால் அதுதான் காரணம். மெஷின் செய்த இடத்தில் இறுக்கம் நிற்கும், ஸ்பிரிட் பட்டதும் அது விரிசலாகத் திறந்துகொள்ளும். பாலிகார்பனேட்டுக்கும் இதே தொல்லை உண்டு, அதற்கு எண்ணெய்க் கூலண்ட், தின்னர் எதுவும் ஆகாது. காற்றில் அடித்து, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, அக்ரிலிக்கை 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் வைத்து, அடுப்போடு சேர்த்தே ஆறவிடுங்கள். துளை போட்ட தகடு என்றால் துளையைச் சுற்றித்தான் முதலில் விரியும், அங்கே பிசிறு ஒன்றும் விடாமல் எடுத்துவிட்டு அடுப்பில் வையுங்கள்.